சின்ன விமானத்தில் ஏறுமுன் இதைக் கேளுங்கள்

2001 ஆகஸ்ட் 25, மாலை நேரம். பஹாமாஸின் மார்ஷ் ஹார்பர் விமானத் தளத்திலிருந்து செஸ்னா 402பி ரக இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று ஃபுளோரிடாவுக்குக் கிளம்பியது. பாடல் படப்பிடிப்பை முடித்துத் திரும்பிய அமெரிக்கப் பாடகி ஆலியாவும் அவருடைய குழுவினர் 7 பேரும் அதில் இருந்தார்கள். எழும்பிய சில நொடிகளிலேயே ஓடுபாதையின் முனைக்கு அருகில் விழுந்து தீப்பிடித்தது. விமானியோடு சேர்த்து 9 பேரும் இறந்தார்கள். ஆலியாவுக்கு வயது 22.

விசாரணையில் தெரியவந்தவை நெஞ்சைப் பதற வைப்பவை. ஆட்கள், பெட்டிகள், எரிபொருள் எல்லாம் சேர்ந்து அனுமதித்த எடையைப் பெருமளவு தாண்டியிருந்தன. பாரம் பின்பக்கமாகக் குவிந்திருந்தது. விமானத்தை இயக்கிய நிறுவனத்துக்காக அதை ஓட்ட விமானிக்கு அனுமதியே இல்லை. அவர் உடலில் மதுவும் கொக்கைனும் இருந்தன. இவற்றில் ஒன்றுகூடத் தவிர்க்க முடியாதது அல்ல.

எடை ஏன் உயிர்ப் பிரச்சினை?

சின்ன விமானத்தில் கூடுதலாக ஏறும் இரண்டு பெட்டிகூடக் கணக்கை மாற்றிவிடும். எடை கூடினால் எழும்ப அதிக வேகமும் நீளமான ஓடுபாதையும் வேண்டும். பாரம் வால்பக்கம் சாய்ந்தால் மூக்கு தானாக மேலே தூக்கும், வேகம் குறையும், இறக்கைகள் தாங்கும் சக்தியை இழக்கும். உயரத்தில் இருந்தால் மூக்கைத் தாழ்த்தி மீளலாம். தரைக்குச் சில நூறு அடி மேலே அதற்கு இடமில்லை. வெயில் கொளுத்தும் நாளில் காற்று லேசாகிவிடுவதால் ஆபத்து இன்னும் கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• இந்தியாவில் வாடகை விமானம் எடுத்தால், அந்த நிறுவனத்திடம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். தனியார் விமானி உரிமம் மட்டும் உள்ளவர் கூலிக்குப் பயணிகளை ஏற்றக் கூடாது.

• உங்கள் எடையைக் கூச்சப்படாமல் சரியாகச் சொல்லுங்கள். பெட்டிகளைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள்.

• விமானி ஒரு பெட்டியை இறக்கச் சொன்னாலோ, இன்று வேண்டாம் என்றாலோ வற்புறுத்தாதீர்கள்.

• மனம் ஒப்பவில்லை என்றால் ஏறாதீர்கள். கட்டிய பணத்துக்காகப் பிறகு சண்டை போடலாம்.

• உங்கள் விபத்துக் காப்பீட்டைப் படித்துப் பாருங்கள். பல பாலிசிகள், கால அட்டவணைப்படி இயங்கும் விமானங்களில் கட்டணப் பயணியாகச் சென்றால் மட்டுமே பணம் தரும்.

விபத்து நேர்ந்துவிட்டால்

இந்தியாவில் விமான விபத்துகளை ஆராய்வது விமான விபத்து விசாரணைப் பிரிவு. அடுத்த விபத்தைத் தடுப்பதே அதன் வேலை. இழப்பீடு வாங்கித் தருவதல்ல. இழப்பீட்டுக்குக் குடும்பத்தார் தனியாக நடவடிக்கை எடுக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டப்படி அதற்கான கெடு 2 ஆண்டுகள். விசாரணை அறிக்கை வரட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள். பயணச்சீட்டு, பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் தகவல்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். துக்கத்தின் நடுவே யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி கேட்டால் விமானி கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம். ஒழுங்காக எடைக் கணக்குப் போட்ட விமானி அந்தக் கணக்குத் தாளை எடுத்துக் காட்டுவார். காட்ட மறுப்பவரின் விமானத்தில் உங்கள் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.