கைக்குட்டையும் காற்சிலம்பும்

ஒரு கைக்குட்டை ஓர் உயிரைக் கொல்லுமா? ஒரு காற்சிலம்பு ஒரு தலைநகரை எரிக்குமா? கொல்லும், எரிக்கும். முன்னதற்குச் சான்று ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ. பின்னதற்குச் சான்று நம் சிலப்பதிகாரம். ஒன்று மேல்நாட்டு மேடைக்கென எழுந்த துன்பியல் நாடகம். மற்றொன்று நாம் நாடகக் காப்பியமெனப் போற்றுவது. காலத்தாலும் இடத்தாலும் நெடுந்தொலைவு விலகி நிற்கும் இவ்விரண்டும் ஒரே வினாவை நம்முன் வைக்கின்றன. பொய் எவ்வாறு சான்றாக மாறுகிறது?

"அறிவியல் பயிலும் உனக்கு நாடகத்தில் என்ன வேலை?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சான்று எது, சான்று போலத் தோன்றுவது எது என்று பிரித்தறிவதுதானே எங்கள் வேலை! அந்த வேலையில் தவறிய இருவரின் கதையே இது. மூன்றாமவன் ஒருவனும் உண்டு. அவனைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

ஒத்தெல்லோ 1604ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் அரண்மனையில் நடிக்கப்பெற்றது. 1622இல் நூலாக அச்சேறியது. தமிழர்க்கும் அது புதிதன்று. அ. மாதவையா அதனைத் தழுவி 'உதயலன்' என்னும் நாடகத்தை எழுதினார். 1963இல் வெளிவந்த 'இரத்தத் திலகம்' படத்தில் சிவாஜி கணேசன் ஒத்தெல்லோவாகவும், சாவித்திரி டெஸ்டிமோனாவாகவும் மேடையேறும் காட்சியை நம் பாட்டன்மார் இன்றும் நினைவுகூர்வர். மலையாளத்தில் 1997இல் வந்த 'களியாட்டம்' அக்கதையைத் தெய்யம் ஆடுவோர் வாழ்வில் வைத்துக் காட்டியது. இந்தியில் 2006இல் வந்த 'ஓம்காரா'வில் கைக்குட்டையின் இடத்தை இடையணி ஒன்று பெற்றது.

கதை சுருக்கமானது. ஒத்தெல்லோ வெனிஸ் நகரின் படைத்தலைவன், கறுப்பு நிறத்தவன், அயல்நாட்டான். டெஸ்டிமோனா அந்நகரப் பெருமகன் ஒருவனின் மகள். இருவரும் காதலித்து மணந்தனர். துணைத்தலைவன் பதவி தனக்குக் கிடைக்காமல் காசியோவுக்குக் கிடைத்ததே என்று புழுங்கிய இயாகோ, ஒத்தெல்லோவின் உள்ளத்தில் நஞ்சைக் கலந்தான். "உன் மனைவிக்கும் காசியோவுக்கும் தொடர்பு" என்பதே அந்நஞ்சு. ஒத்தெல்லோ குற்றமற்ற மனைவியைக் கொன்றான். உண்மை வெளிப்பட்டதும் தன்னையும் மாய்த்துக்கொண்டான்.

பொறாமை என்னும் ஒரே சொல்லில் நாம் இரண்டு நோய்களை அடக்கிவிடுகிறோம். பிறர்க்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லையே என்று எரிவது ஒன்று. வள்ளுவர் இதனை அழுக்காறு என்பார். தன்னிடம் உள்ளது கைவிட்டுப் போகுமோ என்று அஞ்சுவது மற்றொன்று. இதனை ஐயம் எனலாம். இயாகோவிடம் இருப்பது அழுக்காறு. ஒத்தெல்லோவிடம் மூள்வது ஐயம். முதல் நோய் கொண்டவன் இரண்டாம் நோயைப் பிறர்க்கு ஊட்டுகிறான் என்பதே நாடகத்தின் உட்பொருள்.

அவன் ஊட்டும் முறையைக் காணுங்கள். இயாகோ முதலில் குற்றம் சாட்டுவதில்லை. ஏதோ சொல்ல வந்தவன் போல் தயங்குகிறான், கேட்டால் மறைக்கிறான். மிச்சத்தைக் கேட்பவனின் கற்பனையே நிரப்பிக்கொள்கிறது. அடுத்து, மெய்யையும் பொய்யோடு கலக்கிறான். தந்தை அறியாமல் உன்னை மணந்தவள் அல்லளா அவள் என்று நினைவூட்டுகிறான். மூன்றாவதாக, "எங்கள் ஊர்ப் பெண்களின் இயல்பு எனக்குத் தெரியும்" என்கிறான். இதுவே கொடிய அம்பு. ஒத்தெல்லோ வந்தேறி, அவ்வூர் வழக்கம் அறியாதவன். விளக்கம் சொல்ல வந்தவனை நம்புவதன்றி அவனுக்கு வேறு வழி தோன்றவில்லை.

பிறகு வருகிறது கைக்குட்டை. டெஸ்டிமோனா தவறவிட்டதை இயாகோவின் மனைவி எமிலியா எடுத்தாள். அவளிடமிருந்து இயாகோ பறித்தான். காசியோவின் அறையில் போட்டான். கைக்குட்டை காசியோவிடம் இருந்தது உண்மைதான். ஆனால் அது எவ்வாறு அங்கு வந்தது என்று ஒத்தெல்லோ அப்போது கேட்கவில்லை. காசியோ வேறொருத்தியைப் பற்றிப் பேசிச் சிரிப்பதை ஒத்தெல்லோ மறைந்து நின்று பார்க்கிறான். பேச்சுத் தெளிவாகக் கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் தெரிகிறது. அச்சிரிப்புக்குத் தானே பொருள் எழுதிக்கொள்கிறான்.

அவன் விசாரிக்கவே இல்லையா எனில், விசாரித்தான். எமிலியாவைக் கேட்டான். தலைவி தூயவள் என்று அவள் ஆணையிட்டாள். அவளையும் பொய்யள் என்று தள்ளினான். தன் முடிவுக்கு ஒத்துவராத அளவீட்டைக் குப்பையில் எறிபவன் ஆய்வாளன் அல்லன். இதே ஒத்தெல்லோ நாடகத்தின் தொடக்கத்தில் மந்திரம் வைத்துப் பெண்ணை மயக்கினான் என்று மாமனாரால் குற்றம் சாட்டப்பட்டவன். அன்று, "அவளையே அழைத்துக் கேளுங்கள்" என்று மன்றத்தில் வேண்டினான், மன்றமும் கேட்டது, அவன் தப்பினான். இறுதியில் டெஸ்டிமோனா அதே வேண்டுகோளை வைக்கிறாள்: காசியோவை அழைத்துக் கேளுங்கள் என்கிறாள். தான் பெற்ற நீதியை அவளுக்கு அவன் தரவில்லை.

இனி மதுரைக்கு வருவோம். கோவலனும் அயலூரான், புகாரிலிருந்து பிழைக்க வந்தவன். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கோவலன் கையிலிருந்த சிலம்பைக் கண்டதும் தன் பழியை அவன்மேல் ஏற்றினான். ஆடல் மகளிரில் அரசன் மனம் சென்றதால் ஊடிப் போன தேவியைத் தேற்ற, நெடுஞ்செழியன் விரைந்து சென்றுகொண்டிருந்த வேளை அது. வழியிலேயே ஆணை பிறந்தது. கொல்லச் சென்ற காவலர்க்கோ ஐயம் எழுந்தது. இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே என்றனர். பொற்கொல்லன் கள்வரின் எட்டு வகை உபாயங்களை அடுக்கி அவர்களைக் குழப்பினான். அதற்குள் அறிவிலி ஒருவனின் வாள் பாய்ந்தது.

பின்னர்க் கண்ணகி செய்தது என்ன? அழுததோடு நிற்கவில்லை, ஒரு சோதனையை முன்வைத்தாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். உடைத்தார்கள்; மாணிக்கம் தெறித்தது. ஒரு நொடிச் சோதனை! அதனைக் கொலைக்கு முன் செய்திருந்தால் கோவலன் வாழ்ந்திருப்பான், மதுரையும் எரிந்திராது. ஆயினும் பாண்டியனுக்கு ஒரு பெருமை உண்டு. சோதனையின் முடிவை அவன் மறுக்கவில்லை. தானே கள்வன் என்று சொல்லி உயிர் நீத்தான்.

மூன்றாமவனைச் சொல்கிறேன் என்றேனே, அவன் நான்தான். ஐதராபாத்துக்கு வந்த முதற்பருவத்தில் எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை நண்பர் பிறருடன் பேசிச் சிரிப்பார். "உன்னைத்தான் கேலி செய்கிறார்" என்று, இரு மொழியும் அறிந்த ஒருவர் என் காதில் ஓதினார். நான் கேட்டுத் தெளியவில்லை. இரண்டு மாதம் அந்த நண்பரோடு பேசவில்லை; அவருடன் சேர்ந்து செய்வதாயிருந்த ஆய்வையும் வேண்டாமென்றேன். பின்னர்த் தெலுங்கு சிறிது புரியத் தொடங்கியது. அவர்கள் சிரித்தது பெரும்பாலும் விடுதிச் சாம்பாரைப் பற்றி! நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். "அன்றே கேட்டிருக்கலாமே, தம்முடு" என்றார். மன்னித்தார், ஆனால் அந்த ஆய்வை அதற்குள் வேறொருவரோடு தொடங்கிவிட்டிருந்தார்.

நண்பர்களே, ஊர் விட்டு ஊர் வந்து பயிலும் நாம் ஒத்தெல்லோவும் ஆகலாம், கோவலனும் ஆகலாம். புரியாத மொழியில் எழும் சிரிப்பு நம்மைப் பற்றியது என்று எண்ணுவது எளிது. அவ்வூர் மொழியைக் கற்பது அதற்கு ஒரு மருந்து. சம்பந்தப்பட்டவரையே நேரில் கேட்பது மற்றொரு மருந்து. சிலம்பை உடைத்துப் பார்ப்போம். தீர்ப்பைப் பிறகு எழுதுவோம்.