திங்கள் இரவு ஏறினால் புதன் காலைதான் சாங்கி

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான தொலைவு ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர். இடைநில்லாச் சேவையில் பயணம் செய்ய 18 முதல் 19 மணி நேரமாகும்.

ஆனால், விமானச்சீட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பார்த்தால் இந்தக் கணக்கு வராது. புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரப்படி குறிக்கப்படுவதே காரணம். சிங்கப்பூர் நேரம், நியூயார்க் நேரத்தைவிட கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் முன்னால் உள்ளது.

கோடையில் சாங்கியிலிருந்து நள்ளிரவு 12.30 மணிக்குப் புறப்படுபவர், அதே நாள் காலை 7 மணியளவில் நியூயார்க்கில் இறங்கிவிடுவார்.

திரும்பும்போது நிலைமை வேறு. அங்கு திங்கட்கிழமை இரவு 10.30 மணி என்றால், இங்கு செவ்வாய்க்கிழமை காலை 10.30 மணி. அதனுடன் 19 மணி நேரத்தைச் சேர்த்தால் புதன்கிழமை காலை 5.30 மணி.

செவ்வாய்க்கிழமை மாலை இறுதிச்சடங்கு என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டால், திங்கள் இரவே விமானம் ஏறிய மகனாலும் முகம் பார்க்க முடியாது. எப்போது கிளம்புகிறார் என்பதோடு, சிங்கப்பூரில் இறங்கும் தேதியையும் நேரத்தையும் கேட்டறிந்த பிறகு நாள் குறிப்பது நல்லது.