ஸ்பிரிங்கை வெட்டினார், மயிரிழையில் தப்பினார்!
காரைத் தாழ்த்த ஆசைப்படும் வாலிபர்களே, உஷார்!

விழுப்புரம்:-

திண்டிவனத்தில் இருந்து முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கு சுமார் 30 கிலோ மீட்டர் தூரம். அந்தத் தூரத்துக்குள் ஒரே ஒரு வேகத்தடை, ஒரு குடும்பத்தையே கதிகலங்க வைத்துவிட்டது.

காரில் இருந்தது 3 பேர். ஓட்டியவர் 26 வயது வாலிபர். பின் சீட்டில் அவருடைய அம்மா, சர்க்கரை நோயாளி. பக்கத்தில் அப்பா, ஓய்வு பெற்ற குமாஸ்தா.

கார்? 1998-ம் ஆண்டு மாருதி 800. அப்பா கடன் வாங்கி, தவணை கட்டி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த சொத்து.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

"தரையோடு தரையாக"

வாலிபருக்கு நீண்ட நாள் ஆசை ஒன்று உண்டு. காரை "தரையோடு தரையாக" இறக்கி ஓட்ட வேண்டும். அகலமான சக்கரம், தாழ்ந்த உடம்பு. தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஒரு பட்டறையில் விசாரித்தார். "புது ஸ்பிரிங் எதுக்கு? இருக்கிறதையே ஒரு சுற்று வெட்டிட்டாப் போச்சு. அரை நாள் வேலை" என்றார்கள். நாலு சக்கரத்திலும் ஸ்பிரிங்கை வெட்டினார்கள். கேஸ் நெருப்பு, கட்டிங் மிஷின், வேலை முடிந்தது.

கார் தாழ்ந்தது. வாலிபர் உயர்ந்துவிட்டதாக நினைத்தார்.

டமார்!

அடுத்த வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். விக்கிரவாண்டியைத் தாண்டி சர்வீஸ் ரோட்டில் இறங்கினார். லேசான மழை. வேகத்தடையைக் கவனிக்கவில்லை.

முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் துள்ளி அந்தரத்தில் தொங்கியது. அந்த ஒரு விநாடியில் வெட்டிய ஸ்பிரிங் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு நழுவியது. கார் திரும்ப இறங்கியபோது ஸ்பிரிங் குறுக்கே மாட்டிக்கொண்டது. பின்பக்கம் ஒரு புறமாகச் சாய்ந்தது. டயர் மட்கார்டில் உரசி, "கிறீச்" என்ற சத்தத்துடன் கார் ரோட்டுக்குக் குறுக்கே போய் நின்றது.

பின்னால் வந்த லாரி டிரைவர் பிரேக் போட்டதால் 3 பேரும் பிழைத்தார்கள்.

அம்மா பேசவே இல்லை. அப்பா மட்டும் கேட்டார்:- "ஏண்டா, நம்ம காருக்கு என்னடா குறை?"

மெக்கானிக் சொன்ன பாடம்

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு பட்டறைக்குப் போனார்கள். 40 வருஷம் காரோடு மல்லுக்கட்டிய பெரியவர் அங்கே இருந்தார். காரை ஜாக்கி போட்டுத் தூக்கியதும் அவருக்குச் சமாசாரம் புரிந்துவிட்டது.

"தம்பி, இந்த ஸ்பிரிங்கைக் கையாலேயே ஆட்டிப் பாரு" என்றார்.

வாலிபர் ஆட்டினார். லொட லொட என்று ஆடியது.

"இதாம்பா விஷயம். சக்கரம் தொங்கும்போது ஷாக்கப்சர் எவ்வளவு நீளுதோ, அதுவரைக்கும் ஸ்பிரிங் இறுக்கமா உட்கார்ந்திருக்கணும். நீ ஸ்பிரிங்கைக் குட்டை பண்ணிட்டே. ஷாக்கப்சர் பழைய நீளத்துலயே இருக்கு. நடுவுல சந்து விழுந்துடுச்சு. பள்ளம் மேடு வந்தா ஸ்பிரிங் வெளியே வராம என்ன செய்யும்?"

வெட்டினால் விறைக்கும்

ஸ்பிரிங்கை வெட்டினால் கார் தாழும் என்பது மட்டும்தான் பலருக்குத் தெரியும். விறைப்பும் கூடும் என்பது தெரியாது.

கணக்கு எளிது. 8 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் 1 சுற்றை வெட்டினால் மிச்சம் 7. இருந்த விறைப்பில் 7-ல் 1 பங்கு கூடிவிடும். விறைத்த ஸ்பிரிங்கை அடக்கி வைக்கப் பழைய ஷாக்கப்சருக்குத் தெம்பு போதாது. கார் குதிரை மாதிரி துள்ளும்.

கேஸ் நெருப்பில் வெட்டினால் இன்னொரு ஆபத்து. ஸ்பிரிங் எஃகுக்குப் பதம் ஏற்றித்தான் கம்பெனியில் இருந்து அனுப்புகிறார்கள். நெருப்புப் பட்ட இடத்தில் பதம் போய்விடும். பிறகு அது வளையும், அல்லது உடையும்.

மாருதி 800-ன் முன்பக்க ஸ்பிரிங் ஷாக்கப்சரைச் சுற்றியே மாட்டியிருக்கும். அழுத்திய நிலையில் இருக்கிற ஸ்பிரிங் அது. அதற்கென்று இருக்கிற ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் குண்டு மாதிரி வெடித்துக் கிளம்பும். முகத்தில் பட்டால் கதை முடிந்தது. வீட்டு வாசலில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இது இல்லை.

எந்தக் காருக்கு எது?

பழைய கார் என்றால் எல்லாம் ஒன்று இல்லை.

அம்பாசடர் காருக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. முறுக்குக் கம்பிதான் எடையைத் தாங்குகிறது. பின்னால் பட்டை. பிரீமியர் பத்மினிக்குப் பின்னால் பட்டை. 1983-ல் வந்த முதல் மாருதி 800-க்கும் பின்னால் பட்டைதான். 1986-ல் வந்த புது உருவத்துக்குத்தான் பின்னாலும் சுருள் ஸ்பிரிங் வந்தது.

பட்டை உள்ள காரில் ஒரு பட்டையை உருவிவிட்டுத் தாழ்த்துகிறவர்கள் உண்டு. 4 பேர் ஏறி, டிக்கியில் ஒரு மூட்டை அரிசி வைத்தால் மிச்சப் பட்டைகள்தான் அவ்வளவு பாரத்தையும் சுமக்க வேண்டும். ஒருநாள் பட்டை முறியும்.

முறையாகத் தாழ்த்த நினைப்பவர்களுக்கு 3 வழி இருக்கிறது.

1. காருக்கென்று அளவெடுத்துச் செய்த குட்டை ஸ்பிரிங். கூடவே அதற்கு ஒத்துப்போகிற குட்டை ஷாக்கப்சர். இரண்டும் ஜோடி. ஒன்றை மட்டும் வாங்கினால் பணம் வீண்.

2. மரை போட்ட "காயில் ஓவர்" செட். மரையைத் திருகி உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். நல்ல சாமான்தான். ஆனால் பழைய காருக்கு அளவு பார்த்துச் செய்ய வேண்டும். செலவு கையைக் கடிக்கும்.

3. காற்றுப் பை. பட்டனைத் தட்டினால் கார் ஏறும், இறங்கும். கம்ப்ரசர், டேங்க், குழாய் எல்லாம் சேர்த்தால் பழைய காரின் விலையையே தாண்டினாலும் ஆச்சரியம் இல்லை. ஒரு குழாய் ஒழுகினால் கார் நடுரோட்டில் படுத்துவிடும்.

எந்த வழியில் போனாலும் 25, 30 மில்லி மீட்டருக்கு மேல் இறக்குவது நம்ம ஊர் ரோட்டுக்கு ஆகாது என்பது பெரியவர் கணக்கு. இறக்கிய பிறகு வீல் அலைன்மெண்ட் கட்டாயம். பார்க்காவிட்டால் சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்து டயரின் உள் ஓரம் தேய்ந்துபோகும். வெளியில் பார்த்தால் டயர் புதுசு மாதிரியே இருக்கும். ஒருநாள் வெடித்த பிறகுதான் தெரியும்.

ஹெட்லைட்டையும் சரிபார்க்க வேண்டும். முன்னைவிடப் பின்பக்கம் அதிகமாக இறங்கினால் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

வேகத்தடைக் கணக்கு

இந்தியச் சாலைக் குழுமம் 1988-ல் வேகத்தடைக்கு ஒரு அளவு சொல்லியிருக்கிறது. அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டி மீட்டர். ஏறுவதும் இறங்குவதும் தெரியாத மாதிரி வளைவாக இருக்க வேண்டும்.

மாருதி 800-ன் அடிவயிறு தரையில் இருந்து 170 மில்லி மீட்டர் உயரம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,175 மில்லி மீட்டர். சரியான அளவில் போட்ட வேகத்தடை மேல் கார் நிற்கும்போது நடுவயிற்றில் சுமார் 35 மில்லி மீட்டர்தான் குறையும். 30 மில்லி மீட்டர் தாழ்த்திய காரும் தப்பித்துப் போகும்.

ஆனால் தெருவில் போடுகிற வேகத்தடை எல்லாம் அந்த அளவிலா இருக்கிறது? ஒரு முழ அகலத்தில், 15 சென்டி மீட்டர் உயரத்தில், சுவர் மாதிரி எழுப்பிவிடுகிறார்கள். இரண்டு சக்கரத்துக்கு நடுவே அந்த முழுச் சுவரும் வந்து நிற்கும். கம்பெனி கொடுத்த காருக்கே 20 மில்லி மீட்டர்தான் மிச்சம். 30 மில்லி மீட்டர் இறக்கினால்? சைலன்சர் போகும். அதிர்ஷ்டம் கெட்டால் ஆயில் சம்ப் உடையும். ஆயில் கொட்டினது தெரியாமல் ஓட்டினால் என்ஜினே போகும்.

மேலும் 4 பேர் ஏறினால் கார் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

மழை வந்தால்?

2024-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி பெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டி எடுத்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டி மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஊரே வெள்ளக்காடு. ஏரி இருந்த இடத்தில் கட்டிய விழுப்புரம் புது பஸ் நிலையத்துக்கு, பெருமழை என்றாலே தண்ணீர்தான்.

அந்த நேரத்தில் ஒவ்வொரு அங்குலமும் உயிர் மாதிரி. தாழ்த்திய கார்தான் முதலில் நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அடித்துச் சொல்லிவிட்டது.

அதே ஆண்டு சட்டத்தின் 182-ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றிய சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.

பழைய காருக்கு இன்னொரு கண்டமும் இருக்கிறது. 15 வருஷம் முடிந்த காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2025-ல் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணம் ரூ.10 ஆயிரமாக உயர்ந்தது. திண்டிவனமோ விழுப்புரமோ, ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்க்கும்போது வெட்டிய ஸ்பிரிங் கண்ணில் பட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் "எங்களுக்குச் சொல்லாமல் ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல முடியாது.

லாபமே இல்லையா?

உண்டு. கார் தாழ்ந்தால் எடையின் மையமும் தாழும். வளைவில் சாய்வது குறையும். ரேஸ் கார்கள் தாழ்ந்திருப்பது அதனால்தான்.

ஆனால் எவ்வளவு லாபம்? எடையின் மையம் தரையில் இருந்து அரை மீட்டரில் இருக்கும் காரை 30 மில்லி மீட்டர் இறக்கினால், வளைவில் ஒரு பக்கமாகச் சாயும் பாரம் 100-க்கு 6 பங்குதான் குறையும். பழைய காரில் செத்துப்போன ஷாக்கப்சரையும் நைந்துபோன ரப்பர் புஷ்களையும் மாற்றினாலே ஓட்டுகிறவருக்கு அதைவிட அதிக வித்தியாசம் தெரியும்.

ஷாக்கப்சர் செத்ததா என்று பார்க்கப் பட்டறைக்கே போக வேண்டாம். பானட்டின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். ஒரு தடவை ஏறி அடங்கினால் நல்லது. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. பழைய ஸ்பிரிங் வருஷக்கணக்கில் பாரம் சுமந்து தானாகவே தொய்ந்துபோயிருக்கும். சமமான தரையில் காரை நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து பாருங்கள். வலதுக்கும் இடதுக்கும் வித்தியாசம் இருந்தால், ஸ்பிரிங் ஏற்கனவே தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைப்போய் இன்னும் வெட்டுவானேன்?

கடைசியில்...

அந்த வாலிபர் என்ன செய்தார்?

நாலு புது ஸ்பிரிங், நாலு புது ஷாக்கப்சர், புது புஷ் செட். எல்லாமே கம்பெனி அளவு. அகலச் சக்கரத்துக்குச் சேர்த்து வைத்திருந்த பணம் இதற்கே சரியாகப் போய்விட்டது. கார் பழைய உயரத்துக்கே வந்தது.

வாலிபருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "அண்ணே, ஒரு இஞ்ச் மட்டுமாவது இறக்கியிருக்கலாமே" என்று இழுத்தார்.

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:- "தம்பி, ரேஸ் ஓட்டணும்னா இருங்காட்டுக்கோட்டை போ. அங்கே வேகத்தடை கிடையாது. ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகணும்னா இப்படியே போ."

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது. அம்மா முதலில் காரில் ஏற மறுத்தார். அப்பா பின் கதவைத் திறந்து தானே முதலில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் அம்மா ஏறினார்.

விக்கிரவாண்டி தாண்டியதும் அதே வேகத்தடை. வாலிபர் வேகத்தைக் குறைத்து மெதுவாக ஏற்றி இறக்கினார். ஒரு சத்தமும் இல்லை.

வெட்டிய ஸ்பிரிங் துண்டுகள் இன்றும் விழுப்புரம் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. "ஒரு சுற்று வெட்டித் தாங்கண்ணே" என்று கேட்டு வருகிற வாலிபர்களுக்குப் பெரியவர் அதைத்தான் முதலில் காட்டுகிறார்.