பேனல் காணோம், ஐகான் காணோம்... லேப்டாப்பை ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கூடலூர், கம்பம் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் அரசு இலவச லேப்டாப் வைத்திருக்கும் வீடு ஒன்றாவது இருக்கும். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம் அது. அக்கா ப்ளஸ் டூ படிக்கும்போது வாங்கியதை இப்போ தம்பி உருட்டிக்கிட்டிருப்பான். அதில் விண்டோஸோடு சேர்த்து 'பாஸ்' லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்க. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட நம்ம ஊர் லினக்ஸ். பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லைங்கிறது தனி சோகம்.

திறந்து பார்த்தவங்களுக்கு வர்ற பிரச்னை வேற. தீம் மாத்துறேன், எக்ஸ்டென்ஷன் போடுறேன்னு நோண்டி, ஒருநாள் பேனலே காணாமப் போயிடும். கடைக்குக் கொண்டுபோனா ஒரே பதில்தான்: "ஃபார்மேட் அடிச்சிடலாம் தம்பி." அந்த ஹார்டு டிஸ்க்கில் தாத்தா போட்டோ, புராஜெக்ட் ரிப்போர்ட், குரூப் 4-க்குச் சேர்த்த பிடிஎஃப் எல்லாம் இருக்குமே? கொஞ்சம் பொறுங்க. ஃபார்மேட் தேவையே இல்லை.

லினக்ஸில் உங்க ஃபைல்கள் வேற, டெஸ்க்டாப் செட்டிங்ஸ் வேற. க்னோம் டெஸ்க்டாப்பில் நீங்க செய்த மாற்றங்கள், உங்க ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'டிகான்ஃப்' என்ற சின்ன டேட்டாபேஸில் பதிவாகும். கவனிங்க, மாற்றங்கள் மட்டும்தான் அதில் இருக்கும். ஒரிஜினல் மதிப்புகள் சிஸ்டத்துக்குள் வேறொரு இடத்தில் பத்திரமா இருக்கு. அந்த மாற்றப் பட்டியலை அழிச்சா, டெஸ்க்டாப் தானா பழைய நிலைக்குப் போயிடும். ரீசெட் என்பது அவ்வளவுதான்.

அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். செட்டிங்ஸில் புதுசா ஒரு யூசரை உருவாக்கி, அதில் லாகின் பண்ணுங்க. அங்கே எல்லாம் சரியா இருந்தா, கோளாறு உங்க செட்டிங்ஸில்தான். அங்கேயும் சொதப்பினா ரீசெட் உதவாது; டிஸ்க் நிரம்பிடுச்சான்னு முதலில் பாருங்க.

செட்டிங்ஸ்தான் வில்லன்னு தெரிஞ்சா, கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தி டெர்மினலைத் திறங்க. திறக்கலைன்னா கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி, கறுப்புத் திரையில் லாகின் பண்ணுங்க. 'டிகான்ஃப் டம்ப் /' என்று ஆங்கிலத்தில் அடித்து (டிகான்ஃப்: டி, சி, ஓ, என், எஃப்), அதன் பின்னால் > குறி போட்டு ஒரு ஃபைல் பெயர் கொடுத்தால், இப்போதைய செட்டிங்ஸ் காப்பி ஆகிடும். இதைத் தாண்டிப் போகாதீங்க. பிறகு 'டிகான்ஃப் ரீசெட் -எஃப் /ஆர்க்/க்னோம்/ஷெல்/' அடிங்க. இது பேனல், எக்ஸ்டென்ஷன் பக்கத்தை மட்டும் சரிசெய்யும். லாக்அவுட் பண்ணி வந்தும் சரியாகலைன்னா, 'டிகான்ஃப் ரீசெட் -எஃப் /' என்று ஒற்றைச் சாய்கோட்டோடு முடிங்க, மொத்தமும் பழசாகிடும். முன்னாடி 'சூடோ' போட்டுடாதீங்க. போட்டா ரூட் யூசரோட செட்டிங்ஸ்தான் மாறும், உங்களுது அப்படியே இருக்கும்.

போட்டோ, பாட்டு, ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க் எதுவும் போகாது. எக்ஸ்டென்ஷன்கள் அணையும், அழியாது. வால்பேப்பர் போகும். தமிழ்99 கீபோர்டு சேர்த்திருந்தா அந்தத் தேர்வும் போயிடும், மறுபடி சேர்க்கணும். திடீர்னு தமிழ் டைப் ஆகலைன்னு பதறாதீங்க, காரணம் இதுதான்.

முதல் சில வருஷத்து லேப்டாப்பில் வந்த பாஸை இன்னும் அப்டேட் பண்ணாம வெச்சிருந்தா, அது க்னோம் 2 ஆக இருக்கலாம். அதில் டிகான்ஃபுக்குப் பதிலா 'ஜிகான்ஃப்' என்ற மறைந்த ஃபோல்டர். கறுப்புத் திரையில் போய் அதன் பெயரை மாத்திட்டு லாகின் பண்ணா போதும். எக்ஸ்எஃப்சிஇ-யிலும் இதே வித்தைதான், 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'எக்ஸ்எஃப்சிஇ4'-க்கு. மின்ட்டின் சின்னமன்தான் இதில் ரொம்ப சமத்து: பேனலில் ரைட் கிளிக், 'டிரபிள்ஷூட்', 'ரீஸ்டோர் ஆல் செட்டிங்ஸ் டு டிஃபால்ட்'. முடிஞ்சது.

லோயர் கேம்ப் தாண்டி மலையேறி குமுளிக்குப் போயிட்டா கேரளா. அங்கே அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு ஐடி பிராக்டிகல் தேர்வே லினக்ஸில்தான் நடக்குது. 2001-ல் 'ஐடி அட் ஸ்கூல்' என்று ஆரம்பித்து, 2017-ல் 'கைட்' ஆன நிறுவனம்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே படிக்கிற சொந்தக்காரப் பசங்க யாராவது உங்களுக்கு இருந்தா, டெர்மினலைப் பார்த்துப் பயமா இருக்கிற நேரத்தில் ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்க.