கரையாத கம்பியே கோளாறு

சென்ற வாரம் கீசரின் தெர்மோஸ்டாட்டையும் காயிலையும் பார்த்தோம். அவை கெட்டால் தண்ணீர் சுடாது. அன்று காலையே தெரிந்துவிடும். இந்த வாரம் பார்க்கப்போகும் உறுப்பு கெட்டால் வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. தண்ணீர் வழக்கம்போலச் சுடும், சிவப்பு விளக்கு எரிந்து அணையும், மின்கட்டணமும் மாறாது. ஓரிரு வருடம் கழித்து ஒருநாள் கீசரின் அடியிலிருந்து துருநிறத் தண்ணீர் சொட்டும். வந்து பார்க்கும் மெக்கானிக், “டேங்க் போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க” என்பார். அவர் சொல்வதில் தவறில்லை. உள்பூச்சு உடைய தொட்டியில் ஓட்டை விழுந்தால், பற்றவைக்கும் சூட்டில் சுற்றியிருக்கும் பூச்சும் போய்விடும். ஆனால் அந்த ஓட்டை தவிர்த்திருக்கக்கூடியது. தவிர்ப்பதற்கென்றே உள்ளே விரல் தடிமனில் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கிறது. ஆனோடு ராடு என்பது அதன் பெயர். கீசர் வைத்திருக்கும் வீடுகளில் அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

தொட்டி இரும்புத் தகட்டால் ஆனது. அதன் உட்புறத்தில் கண்ணாடித் தூளைப் பூசி 800 டிகிரிக்கு மேல் சுட்டு உருக்கி ஒட்டவைத்திருப்பார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பற்றவைத்த இடங்களிலும் குழாய் நுழையும் விளிம்புகளிலும் ஊசிமுனை அளவு இடைவெளிகள் நின்றுவிடும். தொட்டி தினமும் சூடேறி ஆறுவதால் நாளடைவில் சில விரிசல்களும் சேரும். பூச்சு இருக்கிறதே என்று ஆறுதல் அடைய இடமில்லை. அரிப்பு முழுவதும் அந்தச் சின்ன இடங்களில் குவிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 மில்லிமீட்டர் தகட்டில் 5 மில்லிமீட்டர் அகல ஓட்டை விழக் கரைய வேண்டிய இரும்பு, ஏறத்தாழ 0.3 கிராம். பல கிலோ எடையுள்ள தொட்டியைக் குப்பைக்கு அனுப்ப அவ்வளவு போதும். மெக்னீசியம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகம். இரண்டும் ஒரே தண்ணீரில் மூழ்கி, ஒன்றோடொன்று உலோகத் தொடர்பிலும் இருந்தால் மெக்னீசியம் கரையும், இரும்பு தப்பும். ஆகவே கரைந்து மெலிந்த கம்பி தன் வேலையைச் செய்த கம்பி. பல வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்தும் புதிதுபோல முழுசாக வெளியே வரும் கம்பியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்த உத்திக்கு வயது 200 தாண்டிவிட்டது. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பகுதியில் போர்த்திய செம்புத் தகடு கடல்நீரில் அரிபடுவதைத் தடுக்க, 1824இல் ஹம்ஃப்ரி டேவி செம்போடு இரும்புத் துண்டுகளை இணைத்துச் சோதித்தார். கொச்சியில் கட்டப்பட்ட ‘சமராங்’ அப்படிச் சோதிக்கப்பட்ட கப்பல்களில் ஒன்று. செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் கரையும் செம்புதான் அதுவரை சிப்பிகளையும் பாசியையும் விரட்டிக்கொண்டிருந்தது. அரிப்பு நின்றதும் அவை அடிப்பகுதியில் மண்டி, கப்பலின் வேகத்தைக் குறைத்தன. கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. டேவியின் அறிவியல் பிழையில்லை. பக்கவிளைவை யாரும் எதிர்பார்க்கவில்லை. கீசரிலும் பக்கவிளைவு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கம்பியைச் சோதிக்கும் விதம். நம் ஊர் கீசர்கள் பலவற்றில் காயிலும் ஆனோடும் அடியிலுள்ள ஒரே வட்டத் தட்டில் பொருத்தப்பட்டிருக்கும். எம்சிபியை இறக்கி, தண்ணீர் வரத்தை அடைத்து, தொட்டியைக் காலிசெய்த பிறகு நட்டுகளைக் கழற்றினால் இரண்டும் சேர்ந்து வெளியே வரும். மின்சாரம் சம்பந்தப்பட்ட வேலை. பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். வெளியே வரும் கம்பி பூச்சி அரித்த குச்சிபோல் குழிகுழியாக, நடுவில் உள்ள இரும்பு நரம்பு தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தால் வேலை செய்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். முழுசாக இருந்தால் மேல்தோலைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகக் கெட்டியான சுண்ணாம்புப் படிவம் உரிந்து வந்தால், கம்பி அந்த ஓட்டுக்குள் சிறைபட்டுத் தண்ணீரைத் தொடாமலே இருந்திருக்கிறது. படிவம் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் மின்தொடர்பு. கம்பியைப் பிடித்திருக்கும் திருகு துருவேறியோ தளர்ந்தோ இருந்தால், கம்பி தொட்டியோடு பேசவே இல்லை என்று பொருள். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையைத் தட்டின் உலோகத்திலும் வைத்தால் விடை வந்துவிடும். ஜெர்மன் தயாரிப்புகள் சிலவற்றில் ஆனோடு தொட்டியிலிருந்து தனித்து, ஒரு வயர் வழியாக மட்டும் இணைந்திருக்கும். அந்த வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்து ஓட்டத்தை அளக்கிறார்கள், 0.3 மில்லியாம்பியருக்குக் கீழே போனால் கம்பியை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்கின்றன அந்த நிறுவனங்களின் கையேடுகள். தொட்டியைத் திறக்காமலே நோய் தெரியும் ஏற்பாடு இது. நம் சந்தையில் இது பரவலாக வர வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது? 1 கிலோ மெக்னீசியம் கொள்கையளவில் 2,200 ஆம்பியர்-மணி தரும். நடைமுறையில் பாதி வீணாகும். 100 கிராம் கம்பிக்கு 110 ஆம்பியர்-மணி என்று வையுங்கள். 5 மில்லியாம்பியர் ஓடினால் இரண்டரை வருடம் வரும். 10 ஓடினால் ஒன்றேகால் வருடம்தான். உப்பு கூடக்கூடத் தண்ணீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும், ஓட்டமும் கூடும். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டுக்கும், கடல்நீர் ஊடுருவிய மீஞ்சூர்ப் பக்கத்து போர் தண்ணீருக்கும் ஒரே கெடு சொல்வது நியாயமில்லை. “எங்க வீட்டுல பத்து வருஷமா ஒண்ணும் பண்ணல, நல்லாத்தான் ஓடுது” என்பவர்களின் அனுபவம் பொய்யில்லை. அது அவர்கள் தண்ணீருக்கு மட்டும் உரிய சான்று. போர் தண்ணீர் வீடுகள் முதல் வருட முடிவில் ஒருமுறை திறந்து பார்த்து, கரைந்த அளவை வைத்து அடுத்த தேதியைக் குறித்துக்கொள்வதுதான் சரி. இன்னொன்றையும் கவனியுங்கள். காயில் மாற்றும்போது பழையதன் உலோகம் எது என்று கேட்டு அதையே போடச் சொல்லுங்கள். வேறு உலோக உறை இருந்த இடத்தில் செம்பு உறை போட்ட காயில் வந்து, அது தொட்டியோடு நேரடித் தொடர்பிலும் இருந்தால், கம்பியின் ஓட்டத்தில் பெரும்பங்கை அந்தச் செம்பே இழுத்துக்கொள்ளும்.

இனி பக்கவிளைவு. சில வீடுகளில் வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் வரும். குளிர்நீரிலும் அதே நாற்றம் என்றால் குற்றவாளி கிணறோ சம்ப்போதான். வெந்நீரில் மட்டும் வந்தால், சல்ஃபேட்டைச் சிதைக்கும் பாக்டீரியா தொட்டிக்குள் குடியேறியிருக்கிறது. மெக்னீசியம் கரையும்போது உண்டாகும் ஹைட்ரஜன் அதற்குத் தீனி. கம்பியைக் கழற்றி எறிந்தால் நாற்றம் பெரும்பாலும் போகும், அதனால் பல மெக்கானிக்குகள் அதைத்தான் செய்கிறார்கள். கையோடு தொட்டியின் ஆயுளும் போகிறது என்பதை வீட்டுக்காரரிடம் யாரும் சொல்வதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் ஏற்றிச் சில மணி நேரம் வைத்துத் தொட்டியைக் கழுவிவிடுவது முதல் வழி. அதற்கும் அடங்காவிட்டால் துத்தநாகம் கலந்த அலுமினியக் கம்பிக்கு மாறலாம். தனித் துத்தநாகக் கம்பி மட்டும் வேண்டாம்: சில தண்ணீர்களில் 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் துத்தநாகமும் இரும்பும் இடம் மாறிக்கொள்ளும், காக்க வைத்த கம்பிக்காகத் தொட்டி கரையத் தொடங்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிக்கு ஆனோடு எதற்கு என்று கேட்பார்கள். துருப்பிடிக்காத எஃகும் குளோரைடு மிகுந்த சூடான தண்ணீரில் பற்றவைத்த இடங்களில் குழிவிழும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கத்தக்கது என்கிறது. மாற்று ஆதாரம் இல்லாதபோது 1,000 வரை பொறுத்துக்கொள்கிறது. கம்பி இல்லாமல் வடிவமைத்த தொட்டிக்கு நாமாக ஒன்றைச் சேர்க்க வேண்டியதில்லை. கம்பியோடு வந்ததைக் கம்பி இல்லாமல் ஓட்டக் கூடாது.

இன்னொரு மறுப்பில் நிஜமான நியாயம் இருக்கிறது: திறந்து மூடினால் அதன் பிறகு ஒழுகும் என்பது. பழைய ரப்பர் கேஸ்கட்டையே திரும்பப் போட்டால் ஒழுகத்தான் செய்யும். புதுக் கம்பி வாங்கும்போதே கேஸ்கட்டும் வாங்கிவிடுங்கள். நட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கச் சொல்லுங்கள். தண்ணீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று அடங்கிச் சீராகக் கொட்டும்வரை ஸ்விட்சைத் தொடக் கூடாது. வெறும் தொட்டியில் காயில் சூடேறினால் சில நிமிடத்தில் எரிந்துபோகும். அடுத்த வாரம், கீசரின் தலைக்கு மேல் சொட்டிக்கொண்டிருக்கும் சேஃப்டி வால்வு.