வைத்தியருக்கு வழிகாட்டும் நூலகர்

மட்டக்களப்பிலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெருவும், பதுளை மலைநாட்டிலிருந்து இறங்கி வரும் நெடுந்தெருவும் கூடும் இடம் செங்கலடி. ஒருபுறம் வாவி, மறுபுறம் வயல்வெளி. வேளாண்மைக் காலத்தில் வயலில் இறங்கிய ஒருவரைப் பாம்பு தீண்டிவிட்டால், வீட்டார் அவரைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைகின்றனர். அங்கே வைத்தியரைக் காண்கின்றனர், தாதியரைக் காண்கின்றனர், மருந்து வழங்குவோரையும் காண்கின்றனர். ஆயின், அவ்வைத்தியரின் அறிவுக்குப் பின்னே நின்று தொண்டாற்றும் இன்னொருவரை எவரும் காண்பதில்லை. அவரே மருத்துவ நூலகர்.

பாம்புக் கடிக்கும் நூலகத்துக்கும் யாது தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். இலங்கையில் நெடுங்காலமாக வழங்கிவரும் நஞ்சுமுறி மருந்து இந்தியாவிலே செய்யப்படுவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கவென அஃது ஆக்கப்பட்டது. நம் நாட்டில் பலரைத் தீண்டும் கூன்மூக்குக் குழிவிரியனின் நஞ்சுக்கு அது பயன் தருவதில்லை. அந்நஞ்சோ சிலரின் சிறுநீரகத்தைப் பழுதாக்கவும் வல்லது. இத்தகைய செய்திகளைப் பிறநாட்டுப் பாடநூல்களில் எளிதிற் காண முடியாது. இலங்கை வைத்தியர்கள் தம் நோயாளரைக் கண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரைகளிலேதான் அவை விரிவாகக் கிடைக்கும். அக்கட்டுரைகளைத் தேடி, வகைப்படுத்தி, வேண்டியவர் கையில் வேண்டிய வேளையிற் சேர்ப்பது மருத்துவ நூலகரின் பணி.

இப்பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் ஜோன் ஷோ பில்லிங்ஸ் என்னும் இராணுவ வைத்தியர், உலகின் மருத்துவ சஞ்சிகைகளில் வெளியாகும் கட்டுரைகளைப் பொருள்வாரியாகக் காட்டும் பெரும் அட்டவணையை 1879ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கினார். 1898இல் பிலடெல்பியா நகரில் நான்கு நூலகர்களும் நான்கு வைத்தியர்களும் கூடி, மருத்துவ நூலகர்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். புகழ்பெற்ற வைத்தியப் பேராசிரியர் வில்லியம் ஒஸ்லர் பின்னர் அதன் தலைவராகவும் விளங்கினார். பில்லிங்ஸ் தொடங்கிய அட்டவணை காலப்போக்கில் கணினிக்கு மாறியது. 1997 முதல் ‘பப்மெட்’ என்னும் பெயரில் எவரும் கட்டணமின்றித் தேடக்கூடியதாயிற்று. இன்று அதில் மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன.

அங்ஙனமாயின், கைத்தொலைபேசியே எல்லாவற்றையும் காட்டிவிடுமே, நூலகர் எதற்கு? இவ்வினாவுக்கு 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நிகழ்ந்த துயரம் விடை கூறுகின்றது. உலகப் புகழ் வாய்ந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா நோய் பற்றிய ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதற்குத் தாமாக முன்வந்த, நோயேதும் இல்லாத 24 வயது இளம்பெண் ஒருவர், ஹெக்சாமெதோனியம் என்னும் மருந்தைச் சுவாசித்தபின் நுரையீரல் பழுதுற்று உயிரிழந்தார். ஆராய்ச்சியாளர் முன்னதாகவே கணினியிலே தேடியிருந்தார். ஆனால் அவர் தேடிய தொகுதியிலிருந்த கட்டுரைகள் 1966ஆம் ஆண்டு தொடக்கம் வெளியானவை மட்டுமே. அம்மருந்தினால் நுரையீரலுக்குத் தீங்கு நேரலாம் என்பதைக் காட்டும் அறிக்கைகள் 1950களிலே வெளிவந்து, பழைய அச்சுத் தொகுதிகளில் உறங்கிக் கிடந்தன. தேர்ந்த நூலகர் ஒருவரை நாடியிருந்தால் அவை கண்ணிற் பட்டிருக்கக் கூடும் என மருத்துவ நூலகர்கள் பின்னர் சுட்டிக்காட்டினர். எங்கே தேடுவது, எத்துணைப் பின்னோக்கிச் செல்வது, ஒரு நோய் எந்தெந்தப் பெயர்களால் வழங்கப்பட்டது என்பவற்றை அறிந்திருப்பதே இத்தொழிலின் உயிர்நிலை.

நன்மைக்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரப் பகுதி வைத்தியர்களிடையே நடத்தப்பட்டு 1992இல் வெளியான ஆய்வொன்றில், வைத்தியசாலை நூலகத்திலிருந்து பெற்ற தகவலால் தம் சிகிச்சை முறையில் ஏதேனும் ஒன்றை மாற்றிக்கொண்டதாக நூற்றுக்கு எண்பது பேரளவில் கூறினர்.

தமிழருக்கு இத்துறை புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மருத்துவம் கற்பித்தார். அறிவு மாணவனின் தாய்மொழியிலே இருக்கவேண்டும் என்று உணர்ந்த அவர், தம் மாணாக்கரின் துணையுடன் ஆங்கில மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். மகப்பேறு, இரண வைத்தியம், உடற்கூறு என அவை விரிந்தன. கலைச்சொற்களையும் அவர் தொகுத்தார். அந்நூல்களைத் தேடிப் பேணி, அடுத்த தலைமுறைக்கு அளிப்பதும் நூலகர்களின் கடனேயாம்.

செங்கலடிக்கு அண்மையிலுள்ள வந்தாறுமூலையில், 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் மருத்துவமும் தாதியியலும் கற்பிக்கப்படுகின்றன. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. ஆகவே நவீன மருத்துவத்துக்கும் ஏட்டுச்சுவடி மருத்துவத்துக்கும் அறிவுக் களஞ்சியம் பேணும் கடமை நம் வாயிலிலேயே வந்து நிற்கின்றது. சஞ்சிகைகளின் விலை மிகுதி என்னும் தடையும் ஓரளவு தளர்ந்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் வெளியீட்டாளருடன் சேர்ந்து 2002இல் தொடங்கிய ‘ஹினாரி’த் திட்டம், வருவாய் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ சஞ்சிகைகளைத் திறந்துவிடுகின்றது. திறந்த கதவைக் காட்ட ஆள் வேண்டுமன்றோ?

நூலகர் வைத்தியரல்லர், நோய்க்கு மருந்து சொல்ல அவர் துணியார். வந்தவர் எந்நோயைப் பற்றிக் கேட்டார் என்பதைப் பிறரறியக் கூறவும் மாட்டார். இவ்விரு கட்டுப்பாடுகளுக்குள் நின்று நம்பத்தக்க நூலைக் காட்டுவதே அவர் அறம். நீரிழிவுக்கு இன்ன இலை போதும், தடுப்பூசி வேண்டாம் என்றெல்லாம் கைத்தொலைபேசிகளில் உலவும் செய்திகளை நம்பி, சிகிச்சையை இடைநிறுத்துவோர் நம் குடும்பங்களிலும் இல்லாமலில்லை. ஊர்ப் பொது நூலகம் ஒவ்வொன்றிலும் எளிய தமிழில் எழுதிய நல்ல சுகாதார நூல்கள் ஓர் அலுமாரியளவேனும் இருந்து, அவற்றை எடுத்துக் காட்ட ஒருவரும் இருப்பாராயின், இத்தீங்கின் ஒரு பகுதியையேனும் தடுக்கலாம்.

உயர்தரப் பரீட்சையில் மருத்துவ பீடத்துக்குரிய புள்ளி கிடைக்கவில்லையெனச் சோர்ந்திருக்கும் மாணவ மாணவியருக்கு நாம் கூற விரும்புவது இதுவே: நோயாளரின் படுக்கையருகே நின்றுதான் உயிர்காக்க வேண்டுமென்பதில்லை. உயிரியல் அறிவும், ஆங்கிலமும் தமிழும், பொறுமையும் உடையோர் நூலகவியலைக் கற்று இத்துறையில் நுழையலாம். புத்தக அடுக்குகளிடையே நின்றும் உயிர்காக்கலாம்.