ஒரு கரண்டி உறைமோர்

எங்கள் ஊரான பரவையில், வீட்டுச் சமையல்கட்டில் ராத்திரி கடைசி வேலை பாலுக்கு உறை ஊற்றுவதுதான். அடுப்படியைத் துடைத்த பிறகு அம்மா பால் சட்டியைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு விளையாட்டு அணிக்குள் சாப்ளின் எப்படி வேலை செய்கிறார் என்று கேட்டால் எனக்கு அந்தச் சட்டிதான் நினைவுக்கு வரும்.

யார் இந்தச் சாப்ளின்?

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறவரைச் சாப்ளின் என்பார்கள். அணிக்கும் அப்படி ஒருவர் உண்டு. இங்கிலாந்தில் ஜான் பாயர்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1977இல் வாட்ஃபோர்ட் கால்பந்து கிளப்பில் இந்தப் பணியைத் தொடங்கினார். 1992 முதல் மான்செஸ்டர் யுனைடெட்டில் தொடர்ந்தார். வீரர்களுக்கு மட்டுமல்ல, கிளப்பில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் சாப்ளின் பொது. பாரிஸ் 2024 ஒலிம்பிக் கிராமத்தில் கிறிஸ்தவம், இஸ்லாம், யூதம், இந்து, பௌத்தம் என ஐந்து மரபினருக்கும் ஒரே மையத்தில் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

பால் எது?

பிசியோ, மசாஜ் செய்பவர், கிட் பார்ப்பவர், வீடியோ அனலிஸ்ட், பஸ் டிரைவர், மைதானப் பணியாளர் என்று அணியைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கிறது. 2025 கடைசியில் மதுரை ரேஸ்கோர்ஸில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தபோது ஆடுகளத்துக்குத் தண்ணீர் அடித்தவர்களின் பெயர் ஸ்கோர்போர்டில் வரவில்லை. இவர்கள்தான் பால். சட்டியில் பெரும்பங்கு இவர்களே. சாப்ளின் ஒரு கரண்டி உறைமோர், அவ்வளவுதான்.

சூடு பார்ப்பது

கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் மோரிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும். ஆறிப்போன பாலில் அவை சோம்பிக் கிடக்கும். விரல் பொறுக்கிற சூடு, ஏறக்குறைய 40 டிகிரி, அதுதான் பதம்.

ஆட்ட நாள் கொதிநிலை. அன்றைக்குப் பிசியோவின் அறைக்குள் போய்ப் பேச்சுக் கொடுப்பவர் இடைஞ்சல். வாரநாள் பயிற்சி முடிந்து பந்துகளை எண்ணி மூட்டை கட்டும் நேரம், பஸ் கிளம்பக் காத்திருக்கும் நேரம், இவைதான் விரல் பொறுக்கும் சூடு. மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டால் போதும்.

ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்

உறை கூடினால் தயிர் புளிக்கும். முதல் நாளே ஜெபம், உபதேசம் என்று ஊற்றக் கூடாது. பணியாளர் தாமாகக் கேட்டால்தான் பிரார்த்தனை. அவருடைய சாமி வேறு என்றால் அந்த மரபிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்து சேர்ப்பதும் சாப்ளினின் வேலைதான்.

இன்னொன்று: பணியாளரை நட்சத்திர வீரரிடம் போகும் படிக்கட்டாக நினைக்கவே கூடாது. இரண்டாம் சந்திப்பிலேயே அவர்கள் அதைக் கண்டுகொள்வார்கள். 2018இல் இந்திய அணி 19 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றபோது, தனக்கு அறிவித்த பரிசு தன் உதவியாளர்களின் பங்கைவிட அதிகம் என்று பயிற்சியாளர் ராகுல் டிராவிட் மறுத்தார். கடைசியில் அவருக்கும் உதவியாளர்களுக்கும் சமமாக 25 லட்சம் ரூபாய் ஆனது. பணியாளர்களை மதிப்பது என்றால் அதுதான்.

மூடி வைத்து அசைக்காமல் விடுவது

உறைகிற சட்டியை அடிக்கடி திறந்து ஆட்டினால் தயிர் கட்டியாகாது. இங்கே மூடி என்பது ரகசியம். எந்த வீரருக்கு முழங்கால் வலி என்று மசாஜ் செய்பவரிடம் கேட்கக் கூடாது. அவர் சொன்ன மனக்குறையைப் பயிற்சியாளர் காதில் போடக் கூடாது. ஒரே விலக்கு, உயிருக்கோ சிறுவர் பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் உரியவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்த விதியை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுவது நேர்மை.

உறைந்ததா என்று எப்போது தெரியும்?

நுண்ணுயிர்கள் ராத்திரி முழுக்கப் பாலின் சர்க்கரையை அமிலமாக்கி, புரதத்தைச் சேர்த்துக் கட்டுகின்றன. வேலை நடப்பது வெளியே தெரியாது. காலையில் சட்டியைச் சாய்த்தால்தான் தெரியும்.

2012 மார்ச் 17 அன்று டாட்டன்ஹாம் மைதானத்தில் போல்டன் கால்பந்து கிளப் வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பா இதயம் நின்று விழுந்தார். கிளப்பின் சாப்ளின் ஃபில் மேசன் ஆஸ்பத்திரியில் குடும்பத்தாரோடு இருந்தார். முவாம்பா பிழைத்தார். அப்படி ஒரு ராத்திரியில் புதிதாக ஒருவர் வந்து நின்றால் யாரும் தோளில் சாய மாட்டார்கள். வெறும் நாட்களில் ஊற்றிய உறைதான் அன்றைக்குத் தயிராக நிற்கிறது.

உவமை எங்கே நிற்காது?

பால் மறுக்காது, மனிதர் மறுக்கலாம். "எனக்கு வேண்டாம் சார்" என்றால் அதையும் மரியாதையோடு ஏற்க வேண்டும். பால் சட்டியை விட்டுப் போகாது. பணியாளரோ ஒப்பந்தம் முடிந்தாலோ பயிற்சியாளர் மாறினாலோ மூட்டை கட்டுகிறார். போன பிறகும் அவரைப் போனில் அழைத்து வீட்டு நலம் விசாரிப்பவர்தான் நல்ல சாப்ளின். அணிக்கு இனி அவரால் ஒரு பயனும் இல்லை என்ற நாளில் வரும் அந்த அழைப்பில் அன்பைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காலையில் மைதானத்தின் கேட்டை முதலில் திறப்பவர் யார் என்று பாருங்கள். நாளைக்கு அவர் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள்.